‘ஆல் பாஸ்’ மீது பழி, ஒன்பதாம் வகுப்பில் சல்லடை

42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிற பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலும் பார்க்கலாம். கவனக்குறைவில் வரும் தவறு இல்லை இது. ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 7 போகாது. சரி, 7-லிருந்து 2 போனால் 5. பத்தின் இடத்தில் 4-லிருந்து 1 போனால் 3. ‘பெரியதிலிருந்து சின்னதைக் கழி’ என்று முதல் வகுப்பில் கேட்டதை அந்தப் பிள்ளை இன்றுவரை மீறவில்லை. இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடந்தபோது, ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு என்பது மட்டும் பிடிபடாமல் போய்விட்டது. பத்துத் தீக்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பிறகு அவிழ்த்துக் காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். நான்கு வருடமாக யாரும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

இந்தப் பிள்ளையை ஏழாம் வகுப்புக்கு அனுப்புவதா, ஆறிலேயே இன்னொரு வருடம் உட்கார வைப்பதா? அனுப்பினால் இயற்கணிதம் காத்திருக்கிறது. நிறுத்தினால் போன வருடம் புரியாத அதே பின்னமும் முழுக்களும், அதே பக்க எண்களில், மறுபடியும் வரும். தீக்குச்சிக் கட்டு இரண்டு வகுப்பிலும் கிடையாது. ‘ஆல் பாஸ் போட்டுப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள்’, ‘ஃபெயிலாக்கினால் படிப்பை விட்டுவிடுவார்கள்’ என்று நடக்கும் சண்டை முழுவதும் இந்தச் சின்ன இடத்தைத் தாண்டிக் குதித்த பிறகே தொடங்குகிறது.

குமரி மாவட்டத்தில் பழைய ஆட்கள் பாஸ், ஃபெயில் என்று சொல்வதில்லை. ‘ஜெயிச்சானா, தோத்தானா’ என்றுதான் கேட்பார்கள். மயிலாடியில் 1809-இலேயே ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளிக்கூடம் தொடங்கிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம். இப்படிப்பட்ட ஊரில் வகுப்பில் தோற்பது பிள்ளையின் சமாசாரமாக நிற்காது, குடும்பத்தின் மானமாகிவிடும். ‘எங்க காலத்துல தோக்க வெச்சாங்க, அதான் படிச்சோம்’ என்ற வாதமும் இங்கே செல்லுபடியாவது அதனால்தான். அந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. தோற்று அண்டியாபீசுக்கும் (முந்திரி ஆலை) ரப்பர் பால்வெட்டுக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் போனவர்கள் அந்தப் பேச்சு நடக்கும் திண்ணையில் இருப்பதில்லை. ஜெயித்தவர்களே சாட்சி, ஜெயித்தவர்களே நீதிபதி.

சட்டம் எங்கே நிற்கிறது

தொடக்கநிலையில் மாணவரை நிறுத்தி வைப்பதில்லை என்ற நிலைப்பாட்டை 1986 தேசியக் கல்விக் கொள்கையே சொல்லியிருந்தது. அதை எட்டாம் வகுப்பு வரை சட்டக் கட்டாயமாக்கியது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம்; 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேர்ந்த எந்தக் குழந்தையையும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கவும் கூடாது, பள்ளியைவிட்டு நீக்கவும் கூடாது.

‘ஆல் பாஸ்’ என்று ஊர் பேசுவது இந்த ஒரு பிரிவை மட்டும்தான். சட்டத்தில் அது தனியாக நிற்கவில்லை. 29-ஆம் பிரிவு தொடர் மதிப்பீட்டைக் கேட்டது; அதாவது பிள்ளை எங்கே நிற்கிறது என்று வருடக் கடைசிவரை காத்திராமல் அவ்வப்போது பார். 4-ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளை மற்றவர்களோடு ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையைத் தந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளைக்கும், மேற்கே கட்டட வேலைக்கும் வரும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவுதான் வாசல். நிறுத்தாதே என்பது ஒரு கால் என்றால், பார்த்துச் சரிசெய் என்பது இன்னொரு கால். முதல் காலை வைக்கப் பணம் வேண்டாம், ஆள் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். நாடு முழுக்க அதுதான் ஒழுங்காக நடந்தது.

தமிழ்நாடு இரண்டாவது காலையும் வைக்கப் பார்த்தது. 2012-13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது: பருவத்தின் நடுவே அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடந்ததைக் கணக்குப் போட்டே காட்டலாம். வளரறியில் பாதி மதிப்பெண் செயல்பாடுகளுக்கு. பூக்களின் பாகம், பழங்களின் படம் எல்லாம் ஸ்டேஷனரி கடையில் அச்சடித்தே கிடைக்கும். வெட்டி ஒட்டினால் 20-க்கு 18. மீதிப் பாதி சிறுதேர்வு. முந்தின நாள் குறித்துக் கொடுத்த ஐந்து கேள்விகளே வரும், அதிலும் 18. ஆக 40-க்கு 36. பருவத் தேர்வில் 60-க்கு 18 எடுத்தாலும் மொத்தம் 54. அட்டையில் ‘சி1’ தரம். 60-க்கு 18 என்பது நூற்றுக்கு 30, பழைய கணக்கில் தோல்வி. அந்தப் பதினெட்டிலும் கோடிட்ட இடம், பொருத்துக எவ்வளவு என்று பார்த்தால் எழுதத் தெரிந்து வாங்கிய மதிப்பெண் இன்னும் குறையும். வீட்டில் பெற்றோர் பார்ப்பது 54-ஐத்தான். பிள்ளையைத் தேற வைத்தது கெடுதல் இல்லை. தேறாத இடத்தை மதிப்பெண்ணால் மூடியதுதான் கெடுதல். நிறுத்தி வைக்கும் முறையிலும் இதே மூடல் நடந்திருக்க முடியும். குறை மூடப்பட்ட பிள்ளை அங்கேயும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கும்.

டெல்லியில் எதிர்ப்பு சீக்கிரமே கிளம்பியது. ஹரியானா கல்வி அமைச்சராக இருந்த கீதா புக்கல் தலைமையிலான, மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தின் துணைக்குழு, நிறுத்தி வைப்பதைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரலாம் என்றது. 2016-இல் புதிய கல்விக் கொள்கைக்கான டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு, ஐந்தாம் வகுப்புவரை நிறுத்தாமை போதும் என்றது. கடைசியில் 2019 திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் நடைமுறை. ஐந்திலும் எட்டிலும் ஆண்டு முடிவில் தேர்வு. தவறினால் கூடுதல் பயிற்சி, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் நிறுத்தி வைக்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்துகொள்ளலாம். பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

தமிழ்நாடு ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. 2019 செப்டம்பர் 13-இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. முதல் மூன்று ஆண்டு யாரையும் நிறுத்த மாட்டோம் என்ற சமாதானமும் கூடவே வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று எழுந்த எதிர்ப்பில் 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி அது ரத்தானது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் நேரடிப் பொறுப்பில் உள்ள பள்ளிகளில் ஐந்து, எட்டில் நிறுத்தி வைக்க வழிசெய்து விதியைத் திருத்தியது. தமிழ்நாடு பழைய நிலையிலேயே நிற்பதாக உடனே அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டுவரை நிறுத்தாமையை உறுதிசெய்தது. அதோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் போயிற்று.

இதை நாகர்கோவில் தெருவில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும். ஒன்றிய அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மறுதேர்விலும் தவறினால் நிறுத்தப்படலாம். பக்கத்திலேயே தனியார் நடத்தும் சிபிஎஸ்இ பள்ளிக்கு அந்த விதி பொருந்தாது. பாடத்திட்டம் எதுவானாலும், தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டத்தில் பொறுப்பான அரசு மாநில அரசுதான். ‘சிபிஎஸ்இ ரூல் மாறிடுச்சு’ என்று சொல்லி ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தப் பார்ப்பவர்களிடம் எந்த அரசாணை என்று கேட்கலாம்.

இன்னொரு முடிச்சு இந்த மாவட்டத்துக்கே உரியது. இங்கே பள்ளிகளில் கணிசமான பங்கு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்க சபைகள் போன்ற சிறுபான்மை நிர்வாகங்களிடம் இருக்கிறது. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு, உதவி பெறுவதானாலும் பெறாததானாலும், கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் 2014 மே 6-இல் தீர்ப்புச் சொன்னது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, மேலும் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பச் சொன்னது. உதவி பெறும் பள்ளிகளுக்குச் சம்பளம் துறையிலிருந்து வருவதால் அவை துறையின் தேர்ச்சி நடைமுறையையே பின்பற்றிப் போகின்றன. சுயநிதி சிறுபான்மைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தினால், ‘16-ஆம் பிரிவு’ என்று சொல்லி வழக்காட முடியுமா என்பது லேசான கேள்வி இல்லை. சேர்க்கும்போதே அந்தப் பள்ளியின் தேர்ச்சி விதியை எழுத்தில் கேட்டு வாங்கி வைப்பதுதான் புத்தி.

களியக்காவிளையைத் தாண்டினால் வேறு ஏற்பாடு. கேரளம் 2024-25-இல் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் பாடத்துக்கு 30 சதவீதம் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்தது. எட்டாதவர்களுக்குக் கோடை விடுமுறையில் கூடுதல் வகுப்பு நடத்தி மறுதேர்வு வைத்தது. பாறசாலையில் சொந்தக்காரர் இருக்கும் விளவங்கோட்டுக் குடும்பங்களில் ‘அங்கெல்லாம் விடமாட்டாங்க’ என்ற பேச்சு இதிலிருந்துதான். அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது வரம்பை அல்ல, விடுமுறை வகுப்பை.

நிறுத்தினால் என்ன ஆகும்: ஆராய்ச்சி சொல்வது

அமெரிக்காவில் இது நூறாண்டுச் சண்டை. 1989-இல் ஹோம்ஸ் என்பவர் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது 54 ஆய்வுகளில் நிறுத்தி வைத்ததன் விளைவு பாதகமாகவே இருந்தது. இந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. நிறுத்தப்படும் பிள்ளைகள் ஏற்கெனவே சிரமத்தில் இருப்பவர்கள். அவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படியும் பின்னால்தான் தெரிவார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் வெட்டு மதிப்பெண்ணுக்கு ஒன்றிரண்டு மேலேயும் கீழேயும் நின்ற பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டன. விஷயம் தெளிந்தது அதற்குப் பிறகுதான்.

சிகாகோ நகரம் 1996-இல் மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களில் பள்ளியைவிட்டு நின்றவர்கள் கூடினார்கள். ஃபுளோரிடா 2002-இல் மூன்றாம் வகுப்பு வாசிப்பை வைத்து நிறுத்தியது. அங்கே சில ஆண்டுகளுக்கு மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்தியதோடு விடவில்லை என்பதுதான் வித்தியாசம்: கோடை வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிடம் வாசிப்பு, நல்ல பலன் காட்டிய ஆசிரியரிடம் ஒப்படைப்பு. இவ்வளவு செய்தும் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடவில்லை. மதிப்பெண்ணை உயர்த்தியது நிறுத்தலா, 90 நிமிடமா என்று கேட்டால் எங்கள் கை 90 நிமிடத்தின் பக்கம் நீளும்.

மறுபக்கம் ஜப்பானையும் நார்வேயையும் காட்டுவார்கள். அங்கே கட்டாயக் கல்விக் காலத்தில் எல்லோரும் வயதோடு மேலே போகிறார்கள், கல்வியும் கெட்டுப்போகவில்லை. பல நாடுகளின் மாணவர் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2022 கணக்கெடுப்பில் வளர்ந்த நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு முறையாவது ஒரே வகுப்பில் இரண்டாம் வருடம் இருந்தவர்கள் சராசரியாக 9 சதவீதம்தான். ஆனால் ஜப்பான் செய்வதைப் பாதி மட்டும் எடுத்துக்கொண்டால் ஜப்பான் ஆகிவிடாது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறித்தான் வாசிக்கிறது என்றால் பள்ளம் மூன்று வருடம். நிறுத்தினால் கிடைப்பது ஒரு வருடம். அந்த ஒரு வருடத்திலும் கையில் கொடுப்பது ஐந்தாம் வகுப்புப் புத்தகம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பள்ளம் சில மாதம்தான். அங்கே ஒரு வருடம் மிஞ்சும், ஆனால் அந்தச் சில மாதப் பள்ளத்தை அடைக்க வருடமே தேவையில்லை, ஒரு பருவம் போதும். எட்டில் பள்ளம் ஐந்தாறு வருடமாகியிருக்கும், வயதும் பதினான்கைத் தொட்டிருக்கும். நிறுத்தல் எளிதாகப் பலன் தரக்கூடிய இடத்தில் அது தேவைப்படாது. தேவைப்படுவதாகத் தோன்றும் இடத்தில் பலன் தராது. பதினான்கு வயதில் வள்ளத்துக்கு ஆள் தேடும் கடற்கரையில், தன்னைவிட வயது குறைந்தவர்களோடு பெஞ்சில் உட்காரச் சொன்னால் பையன் எந்தப் பக்கம் நடப்பான் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம்.

செலவும் உண்டு. நாற்பது பேர் வகுப்பில் எட்டுப் பேரை நிறுத்தினால் அடுத்த ஆண்டு அந்த அறையில் 48 பேர். தொடக்கநிலையில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. எட்டுப் பேருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றுதான் நிறுத்தினோம். நிறுத்தியதாலேயே அந்தக் கவனம் இன்னும் மெலிகிறது.

ஒன்பதாம் வகுப்புச் சல்லடை

இனி, பலர் கவனிக்காமல் விடும் இடம். சட்டத்தின் காப்பு எட்டோடு முடிகிறது. ஒன்பதில் நிறுத்தி வைக்கத் தடை இல்லை. பத்தில் பொதுத்தேர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான சல்லடை ஆடுகிறது.

பத்தாம் வகுப்பில் 60 பேர். 57 பேர் தேறினால் 95 சதவீதம். தேறமாட்டார்கள் என்று தோன்றும் அந்த மூன்று பேரை ஒன்பதிலேயே தடுத்துவிட்டால் 57-க்கு 57. பள்ளி வாசலில் ‘100% தேர்ச்சி’ ஃபிளெக்ஸ். யாருக்கும் கூடுதலாக ஓர் எழுத்துகூடக் கற்றுக்கொடுக்காமல் தேர்ச்சி ஐந்து சதவீதம் ஏறிவிட்டது. பொதுத்தேர்வுப் பட்டியலில் குமரி முன்வரிசையில் இருக்க வேண்டும் என்ற அழுத்தம் மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் மேசையில் வந்து உட்காருகிறது. நிர்வாகத்துக்கும் தலைமையாசிரியருக்கும் கேள்வி வருவது பத்தாம் வகுப்புச் சதவீதத்தைக் கேட்டுத்தான். ஒன்பதில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற கேள்வி அரிது.

இது வெளிப்படையாக ‘ஃபெயில்’ என்று நடப்பதும் குறைவு. ஏப்ரலில் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘இங்க இவனுக்குக் கஷ்டம், டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல சேத்தா பாஸ் போட்டுத் தாறோம்’ என்று பேசி முடிப்பதே வழக்கம். அட்டையில் தேர்ச்சி, கையில் மாற்றுச் சான்றிதழ். கணக்கில் இது நிறுத்தலும் இல்லை, இடைநிற்றலும் இல்லை, பள்ளி மாற்றம். அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்வது பெரும்பாலும் பக்கத்து அரசுப் பள்ளி. அடுத்த மே மாதத்தில் ‘அரசுப் பள்ளியில் தேர்ச்சி குறைவு’ என்ற செய்தியில் அவர்கள் இருப்பார்கள்.

எட்டுவரை யாரையும் நிறுத்தாததால்தான் ஒன்பதில் இந்த நெரிசல் என்பது நிறுத்தலை ஆதரிப்பவர்களின் வாதம். பாதி உண்மை. எட்டு வருடமாக மூடி வைத்த பள்ளம் ஒன்பதில் திறந்துகொள்கிறது என்பது சரி. ஐந்தில் சல்லடை வைத்தால் ஒன்பதில் நெரிசல் குறையும், ஆனால் காரணம் கற்றல் கூடியதாக இருக்காது, வரிசையில் ஆள் குறைந்ததாக இருக்கும்.

இப்போது ஆறு, ஏழு வகுப்புகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2020-21 கல்வியாண்டில் முதல் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை, கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால், வகுப்பறைக்குள் முதன்முதலில் கால் வைத்தது 2021 நவம்பர் 1-இல், இரண்டாம் வகுப்பு மாணவராக. எழுத்து அறிமுகமாக வேண்டிய பதினேழு மாதம் தொலைக்காட்சியிலும் அப்பாவின் போனிலும் கரைந்தது. தூத்தூர்ப் பகுதியில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். போனும் அவரோடு போய்விடும். அந்தப் பிள்ளைகள் 2028-29-இல் ஒன்பதாம் வகுப்பில் இருப்பார்கள்.

பள்ளத்தை அடைக்கும் வேலை எங்கே கெடுகிறது

மாநிலத்தில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், ஒருவருக்கு இருபது பிள்ளை, மாலையில் வகுப்பு. 2022 ஜூன் 13-இல் எண்ணும் எழுத்தும். முதலில் மூன்றாம் வகுப்புவரை, அடுத்த ஆண்டு ஐந்துவரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நிலைக்கேற்ற பயிற்சி நூல் கொடுக்கும் இந்த முறையின் அடிப்படை சரியானது: வகுப்பைப் பார்க்காதே, பிள்ளை நிற்கும் இடத்தைப் பார். 2025-26-இல் ஆறு முதல் ஒன்பதுவரை பின்தங்கியவர்களுக்கென்று ‘திறன்’ திட்டம் வந்தது.

‘மெல்லக் கற்போர்’ பட்டியல் என்று பள்ளிகளில் ஒன்று உண்டு. அதில் முதல் கோணல்: பட்டியல் மதிப்பெண்ணை வைத்துத் தயாராகிறது, வாசிக்க வைத்துப் பார்த்து அல்ல. மேலே சொன்ன 54 மதிப்பெண் பிள்ளை அந்தப் பட்டியலிலேயே வராது. அடுத்தது, சிறப்பு வகுப்பிலும் அதே வகுப்புப் புத்தகம், அதே பாடம், குரல் மட்டும் சற்று உரக்க. பத்தாம் வகுப்பில் ‘குறைந்தபட்சக் கற்றல் கையேடு’ கொடுத்து 35 மதிப்பெண்ணுக்கு வழிகாட்டுவது தேர்வுக்கு உதவும்; ஏழாம் வகுப்பில் அதையே செய்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளை விடையைப் படமாக மனதில் பதித்துக்கொள்ளப் பழகும். நேரமும் ஒரு தொல்லை. மாலை நான்கரைக்கு மேல் சிறப்பு வகுப்பு என்றால் பேச்சிப்பாறை, கோதையாறு மலைப் பக்கம் போகும் பஸ் தவறிவிடும். வராத பிள்ளை யாரென்று பார்த்தால் வர வேண்டிய பிள்ளையாகவே இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூனிலும் நவம்பரிலும் மழை விடுமுறையில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கூடுதல் வகுப்புதான்.

பலன் கண்ட முறையின் அளவுகள் ஓரளவு தெரிந்தவை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்தி, பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் சோதித்துப் பார்த்தது அது: மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு பாராமல் வாசிப்பு நிலைப்படி குழு பிரித்து, உத்தரப் பிரதேசத்தில் பத்து, இருபது நாள் முகாம்களாக மொத்தம் சுமார் ஐம்பது நாள். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் வாசிப்பு, அதே அளவு கணக்கு. ஹரியானாவில் பலன் வந்தபோது ஒரு விஷயம் கவனிக்கப்பட்டது: பள்ளி நேரத்துக்குள்ளேயே இதற்கென்று ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி, மேற்பார்வை செய்பவரும் அதையே கேட்டபோதுதான் ஆசிரியர்கள் செய்தார்கள். ‘நேரம் கிடைத்தால் செய்யுங்கள்’ என்ற இடங்களில் நேரம் கிடைக்கவே இல்லை.

குமரிக்கென்று ஒரு திருகு உண்டு: மொழி. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. 2006-இன் தமிழ் கற்றல் சட்டத்தால் அவர்களும் தமிழ் படிக்கிறார்கள். தமிழ் பேசும் வீட்டிலும் பேச்சு வேறு. புத்தகத்தில் மரவள்ளிக்கிழங்கு, வீட்டில் மரச்சீனி. புத்தகத்தில் பலா, வீட்டில் சக்கை. ‘கரும்புச் சக்கை’ என்று பாடத்தில் வந்தால் பிள்ளை பழத்தை நினைத்துக்கொண்டு விழிக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் சொல் பிடிபடாத இந்தப் பிள்ளையை எழுத்தே தெரியாத குழுவில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதற்கு வேண்டியது அகரவரிசை அல்ல, பேச்சு.

வீட்டில் பத்து நிமிடச் சோதனை

பெற்றோருக்கு உள்ள வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்புவரை, சட்டம் பொருந்தும் பள்ளியில் நிறுத்தி வைப்பதாகச் சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வட்டாரக் கல்வி அலுவலரிடமோ மாவட்டக் கல்வி அலுவலரிடமோ மனு கொடுங்கள். வேறு பள்ளிக்கு மாறும்போது டிசி தாமதமானதைக் காரணம் காட்டி எட்டுவரை சேர்க்கையை மறுக்கக் கூடாது. 5-ஆம் பிரிவு அது. ஒன்பதில் டிசி வாங்கச் சொன்னால் விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்ற வரி விழுந்துவிட்டால் பிறகு பேச இடமில்லை. உண்மையாகவே தேறாது என்றால் பத்தாம் வகுப்பில் தவறுவது ஒன்பதில் நிற்பதைவிட மேல். பத்தில் தவறியவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதத்திலேயே துணைத் தேர்வு உண்டு. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். ஒன்பதில் நின்றவருக்கு முழு வருடம், முழுப் பாடம். எட்டு முடித்த பையனுக்குத் தொழில் கைவர வேண்டும் என்றால், வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே ஐடிஐ சேரலாம். கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது.

இதெல்லாம் பள்ளம் பெரிதான பிறகு. பள்ளம் சிறிதாக இருக்கும்போதே பார்க்க வேண்டுமானால் இரண்டாம் வகுப்பு ஜூலை மாதம் சரியான நேரம். முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மூடிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை இங்கே நின்றுவிடும். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசித்தால் கொம்பைப் பார்க்கிறது, துணைக்காலைப் பார்க்கவில்லை; அந்த ஒரு வரிசையை மட்டும் பத்து நாள் பழக்கினால் போதும். ‘பல்’, ‘பள்’ குழம்பினால் கவலை வேண்டாம், அது உச்சரிப்போடு சரியாகும். கணக்குக்கு 42, 17 போன்ற ஓர் இணையைக் கொடுத்து, விடையைப் பார்க்காமல், எப்படிச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்பா அம்மா இருவரும் விடியற்காலை மூன்று மணிக்கே பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் மூத்த பிள்ளையோ பாட்டியோ இதைச் செய்யலாம். எழுத்து வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ‘மரவள்ளிக்கிழங்குன்னா என்ன மக்களே?’ என்று கேளுங்கள். ‘மரச்சீனி’ என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறது.